கடைசிப் பக்கத்துப் பூனை

கொரியா என் வாழ்க்கைக்குள் வந்தது ஒட்டுப் பொட்டைத் தேடப்போய்தான். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ ரிசல்ட் எடுத்துக் கொடுப்பது, ரயில் டிக்கெட் போடுவது, வரன் தேடுகிறவர்களின் போட்டோவை ஏற்றிக் கொடுப்பது, இதுதான் வேலை. ஒருநாள் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த அண்ணன் ஒருவர் வந்து, "ஸ்டிக்கரு மொத்தமா எங்க கெடைக்கும்னு நெட்ல கொஞ்சம் பாரும்மா" என்றார். எங்கள் ஊரில் ஸ்டிக்கர் என்றால் நெற்றியில் வைக்கிற பொட்டு. கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை.

திரை நிறையக் குட்டிக் குட்டிப் படங்கள் வந்தன. கண் வைத்த ரொட்டித் துண்டு, தொட்டியில் குளிக்கும் முயல், குடை பிடித்த மேகம். எல்லாவற்றுக்கும் கடுகளவு இரண்டு கண், வாய் கிடையாது. கீழே நான் அதுவரை பார்த்தேயிராத வட்டமும் கோடுமான எழுத்து. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இத எவ நெத்தியில வைப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் போகவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஸ்டிக்கர்களை டைரியில் ஒட்டுவதற்கென்றே உலகத்தில் பெண்கள் இருக்கிறார்கள் என்று அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டேன். தங்கள் டைரிப் பக்கங்களைப் படம் பிடித்து நெட்டில் போடுவார்கள். ஒருத்தி நாள் முழுக்கச் செய்தது டீ குடித்ததும் மழையைப் பார்த்ததும்தான். அதற்கு ஏழு ஸ்டிக்கர். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. நானும்தான் தினம் டீ குடிக்கிறேன், எனக்கு ஒரு முயல் கிடையாதா?

சென்டர் நடத்திய அக்காவின் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்தார். அவர் கொடுத்த கிரெடிட் கார்டு அக்காவிடம் இருந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆர்டர் போட்டேன். "ஒட்டற காயிதத்துக்கு வெளிநாட்டுக்கு ஆர்டரா? உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்டி" என்றார் அக்கா. கவர் வர ஐந்து வாரம் ஆனது. சியோலில் இருந்து ஒருவர் என் பெயரையும் எங்கள் தெருப் பெயரையும் தப்பில்லாமல் எழுதியிருந்தார். உள்ளே மூன்று தாள், கூடவே கேட்காமலே வைத்த நாலாவது தாள் ஒன்று. அந்த நாலாவதில்தான் பூனை இருந்தது. கறுப்புப் பூனை, முன்னால் ஒரு கிண்ணம், கீழே ஒரு வரி எழுத்து.

அப்பா செராமிக் எஸ்டேட்டில் ஒரு கோப்பை கம்பெனியில் சூளை போடுகிறவர். அவருக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. கம்பெனிக்குச் சாயம் விற்கிற வியாபாரி வருஷா வருஷம் கொடுக்கும் டைரி, முதலாளி கை மாறி அவருக்கு வரும். அவர் அதை எனக்குக் கொடுப்பார். அதுவரை அந்த டைரிகளில் அம்மா ஜாக்கெட் அளவு குறித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷ டைரியை மட்டும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஸ்டிக்கர் தாளை அப்பா வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. "நம்ம கம்பெனி பூப்படம் மாரியே இருக்குது. இதக் காசு குடுத்தா வாங்குவாங்க? மிச்சத்த நாங்க குப்பையிலல்ல போடறோம்" என்றார். டீ கப்பில் இருக்கும் ரோஜா கையால் வரைந்தது அல்ல. அது தாளில் அச்சடித்து வரும். தண்ணீரில் நனைத்தால் படம் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கப்பில் ஒட்டிச் சூளையில் வைப்பார்கள். சூளை ஷெட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில்கூட அங்கங்கே ரோஜாவும் மயிலும் ஒட்டியிருக்கும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"நீ இத என்னா பண்ணப் போற?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு நாளுக்கு ஒண்ணு. டைரியில அந்தத் தேதியில ஒட்டுவேன்."

"ஓ" என்றார். புரிந்துகொண்ட மாதிரித் தலையாட்டினார்.

அப்போது மின்வெட்டுக் காலம். மத்தியானம் கரண்டு போனால் சென்டரில் வேலை இல்லை, வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்கள் வீடு எஸ்டேட்டின் பின் தெருவில் இருந்தது. எதிரே இருந்த பொம்மைக் கம்பெனி மூடிக் கிடந்தது. அதன் மதிலோரம் உடைந்ததும் வெந்ததும் வேகாததுமாகப் பொம்மைகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். எல்லாம் வெள்ளை. பொம்மைக்குக் கண் கடைசியில்தான் எழுதுவார்கள்; இவை அதுவரை போகாதவை. பிறந்ததிலிருந்து பார்த்த குவியல் அது, எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த வருஷம் மட்டும்தான் அந்தப் பக்க ஜன்னலைச் சாத்தி வைக்க ஆரம்பித்தேன்.

வைகாசியில் ஒரு மத்தியானம். அம்மா துணி கொடுக்கப் போயிருந்தாள். மேஜைமேல் திறந்திருந்த டைரியைப் பின் ஜன்னல் காற்று சடசடவென்று புரட்டியது. கை வைத்து நிறுத்தினேன். நின்ற பக்கத்தில் ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு உட்கார்ந்திருந்தது.

அது இன்னும் வராத தேதி. ஒன்பது நாள் தள்ளி, ஒரு செவ்வாய்க்கிழமை. நான் அன்றன்றைக்கு நடந்ததை எழுதிவிட்டுத்தான் ஒட்டுவேன். வராத நாளில் எப்படி ஒட்டுவேன்? ஸ்டிக்கர் தாளை எடுத்துப் பார்த்தேன். குஞ்சு இருந்த இடம் காலியாக இருந்தது.

அதைவிட ஒன்று. குஞ்சைச் சுற்றிக் காகிதம் உப்பிச் சுருங்கியிருந்தது. தண்ணீர் பட்டுக் காய்ந்த வளையம். ஸ்டிக்கருக்குப் பின்னால் பசை இருக்கிறது, உரித்தால் ஒட்டிக்கொள்ளும். அதை யார் ஈரக் கையால் தொட்டது?

நாமே தூக்கக் கலக்கத்தில் செய்திருப்போம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அந்தச் செவ்வாய் வந்தது. அப்பா விடிகாலையிலேயே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கம்மாபுரத்தில் சித்தப்பா நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுக்கிறார்கள், கூட நிற்க வேண்டும் என்றார். பகலெல்லாம் நான் எதற்கோ காத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு அம்மாவின் விரலில் தையல் மிஷின் ஊசி இறங்கியது. பெரிய காயமில்லை. ஆனால் நான் ஓடிப்போய் டைரியைத் திறந்து அந்தக் குஞ்சைத்தான் பார்த்தேன்.

ஆனியில் ரொட்டித் துண்டு வந்தது. மறுபடியும் ஒரு செவ்வாய், மறுபடியும் ஈர வளையம். டைரியை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். பூட்டவில்லை, அந்த பீரோவின் பூட்டு கெட்டு வருஷக்கணக்காகிறது. அன்றைக்கும் அப்பா சித்தப்பா விஷயமாகக் கம்மாபுரம் போயிருந்தார். சென்டர் மூலையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து இரண்டு கம்ப்யூட்டர் புகைந்து போயின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் நன்றாக அரண்டிருந்தேன். அந்த நாட்களில் அப்பா ஊரில் இல்லாததை நான் கவனிக்கவே இல்லை. எனக்கு எது வேண்டுமோ அதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் என்னோடு படித்த ஒருத்தி, முந்தைய ஐப்பசி வெள்ளத்தில் மணிமுத்தாற்றில் போய்விட்டாள். புத்தகத்தைப் புரட்டும்போது நாக்கில் விரலை நனைத்து நனைத்துப் புரட்டுவாள். அதற்காக நான் அவளை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ரொட்டியைச் சுற்றியிருந்த வளையத்தைத் தடவிப் பார்த்தபோது அவள் நினைவு வந்தது. அதற்கப்புறம் போகவில்லை. மத்தியானம் கரண்டு போய் மின்விசிறி நின்றதும் வீட்டில் ஒரு சத்தமின்மை வருமே, அதில் யாரோ பக்கம் புரட்டுவது போலவே இருக்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். டைரி மூடித்தான் கிடக்கும்.

ஆடி பிறந்த வாரம் பூனை வந்தது. ஆடிக் கடைசிச் செவ்வாய்க்கான பக்கத்தின் நட்ட நடுவில், கோணலாக, கறுப்பாக. ஈரம் கீழ்ப் பக்கம் வரை இறங்கியிருந்தது. நான் தனியாக இருந்தேன். கத்திவிட்டேன்.

அம்மாவிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் டைரியைக் கையில் வாங்கவே இல்லை, எட்ட நின்றே பார்த்தாள்.

"இது நெத்தியில வைக்கற ஸ்டிக்கரு இல்லியா?"

"இல்லம்மா."

"தண்ணி பட்ட தாரை இருக்குதே. தண்ணியில போனவங்க சமாச்சாரம் இது. அன்னைக்கே சொன்னேன், அவ வூட்டு வழியா சாயந்திரத்துல வராதன்னு."

"அப்பாகிட்ட கேப்பமா?"

"வாயத் தொறக்காத. ஏற்கெனவே இருமிகிட்டு கெடக்கறாரு. நெருப்புகிட்ட நிக்கற மனுசன், மனசு கலங்கக் கூடாது."

அப்பா இருமுவதை நானும் கேட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் இருமாதவர் யார்? வெள்ளைத் தூசி எல்லார் வீட்டுச் சட்டியிலும் படியும். இருமல் ஒரு செய்தியே இல்லை.

அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது. எங்கள் பக்கத்தில் போலீஸுக்குப் போகாதவர்கள்கூட அங்கே போவார்கள். திருட்டுப் போனாலும், துரோகம் நடந்தாலும், செய்வினை என்று சந்தேகம் வந்தாலும் சாமி பெயருக்கு மனு எழுதி வேலில் கட்டிவிட வேண்டும். சாமி விசாரிப்பார். காரியம் முடிந்ததும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதை ராஜினாமா என்பார்கள். வாங்காமல் விட்டால் வழக்கு நடந்துகொண்டே இருக்கும்.

அப்பாவிடம் என் கல்யாணத்துக்கு வேண்டுதல் என்று சொன்னாள். அவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

கோயிலில் தாளை வாங்கி ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். அம்மா காதோரம் குனிந்து சொல்லச் சொல்ல எழுதினேன். எங்கள் வீட்டுப் பெண்ணின் புத்தகத்தில் நாள் குறிக்கிறவர் யாராக இருந்தாலும், உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இனி அந்தக் கை எங்கள் பக்கம் நீளக் கூடாது. அம்மா சொன்னது அவ்வளவுதான். எனக்குக் கோபம் அடங்கவில்லை. இரண்டு மாதம் என்னைத் தூங்கவிடாமல் அடித்ததற்கு அது போதாது என்று பட்டது. கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். அந்தக் கை விளங்காமல் போக வேண்டும்.

மடிக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். நான் தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். மறைக்கத் தேவையே இல்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது.

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன் பாப்பா."

"உனக்கு என்னாப்பா கொற?"

"ஒடம்பு நல்லா இருக்கணும்னு எழுது." அம்மாவைப் பார்த்துவிட்டு, "எல்லார் ஒடம்பும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவசர அவசரமாக இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்தேன். இரண்டு மனுவையும் ஒரே வேலில், அடுத்தடுத்துக் கட்டினோம். என்னுடையதைக் கட்ட எனக்கு எட்டவில்லை. அப்பாதான் வாங்கி நூலை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

வீட்டுக்கு வந்தும் பயம் தீரவில்லை. சாமி விசாரிக்க நாளாகும், ஆடிக் கடைசிச் செவ்வாய்க்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. மறுநாள் மத்தியானம் ஊசியால் நெம்பிப் பூனையை மெதுவாக உரித்தேன். கிழித்துப் போடத் துணிவில்லை. கிழித்தால் எனக்கு என்ன ஆகுமோ? அந்த நாளை என்னால் முடிந்தவரை தள்ளி வைக்கலாம் என்று தோன்றியது. டைரியின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். டிசம்பர் முப்பத்தொன்று. அங்கே பூனையை வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். பழைய பக்கத்தில் ஈரக் கறை மட்டும் மிச்சம் இருந்தது. அதன்மேல் என்னிடம் இருந்ததிலேயே பெரிய மேகத்தை ஒட்டி மூடினேன்.

ஆடிக் கடைசிச் செவ்வாய் வந்தது, போனது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அப்பா வழக்கம்போலச் சூளைக்குப் போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஆவணியில் அடுத்த ஆர்டர்கூடப் போட்டேன்.

அந்த மாதங்களில் அப்பா ஒரு புது ஆளாக மாறினார். எப்போதும் வாயை மூடிக்கொண்டிருப்பவர் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி எடுத்து வந்தார். "நல்லா சாப்புடணும். கெடக்குது போ, நமக்கு ஒண்ணும் இல்ல" என்பார், யாரும் கேட்காமலே. அம்மா பிராது வேலை செய்கிறது என்றாள்.

புரட்டாசியில் ஒரு காலை. தலை வாரிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, டிசம்பரு முப்பத்தொண்ணு என்னா கெழம?"

சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"புதன். எதுக்குப்பா?"

"செவ்வாயி இல்லியா?" கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். "சரி, மாத்தியிருப்பாங்க. இன்னும் எம்மாம் நாளு கெடக்குது!"

அவர் சைக்கிளை மிதித்துத் தெருமுனை திரும்பும் வரை நான் அசையவில்லை. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாள் இருக்கிறது. அந்த ஒரு நாளை ஏன் கேட்டார்? நான் பூனையை ஒளித்து வைத்த நாளை? ஒட்டுகிற அது, டைரியிலிருந்து வெளியே வந்து அப்பாவின் வாய் வழியாக என்னிடம் பேசுகிறது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பின்னாலேயே ஓடி, ஏன் கேட்டாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியை இன்றுவரை நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசியில், சூளையைத் திறக்கும்போது அப்பா விழுந்தார். வாயில் ரத்தம். கம்பெனி ஆட்கள் வேனில் போட்டுப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில், கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு இருபது வருஷம் வேலை செய்தவர். மகள் பிரசவத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் போய் மூன்று மாதம் தங்கிவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். கையில் ஒரு ஆஸ்பத்திரி அட்டை.

"ஆடி மாசமே வரச் சொல்லியிருந்தாங்களே, ஏன் வரலன்னு டாக்டரு சத்தம் போடறாரு. நான்தான இந்த அட்டையப் படிச்சு அவருக்குத் தேதி சொன்னேன்? கடைசிச் செவ்வாயி, நெஞ்சுல ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும், அன்னைக்கே பெட்டுல சேத்துக்குவாங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"எத்தினி தடவ வந்தாரு?" அம்மாவின் குரல் எங்கேயோ இருந்து வந்தது.

"ரெண்டு தடவ. வைகாசியில ஒண்ணு, ஆனியில ஒண்ணு. வூட்ல சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அட்டைய சூளை ஷெட்டுல தகர டப்பாவுல வச்சிருப்பாரு. நான் சொல்ற தேதிய வூட்ல குறிச்சு வச்சிருக்கேன்னுவாரு."

வராந்தா சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கம்மாபுரம் என்று சொல்லிவிட்டு அப்பா வந்தது இங்கேதான். சூளையை அடைத்து நெருப்பு வைத்ததும், அதைத் திறக்க வேண்டிய நாளில் அப்பா ஒரு மிச்சப் பூப்படத்தைத் தண்ணீரில் நனைத்துக் காலண்டரில் ஒட்டிவிடுவார். ரோஜா என்றால் கப்பு, மயில் என்றால் ஜாடி. எழுத்து தெரியாத மனுஷனின் நோட்டு அது. ஆறு வயதிலிருந்து நான் பார்த்தது. ஒரு நாளுக்கு ஒரு படம் என்று நான் சொன்னபோது, அவர் தனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார். படம் என்றால் வரப்போகிற நாளுக்கு. ஒட்டுவதென்றால் நனைத்து.

மறுநாள் உள்ளே விட்டார்கள். அப்பாவின் வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு முதல் விரல் வரை வீங்கி, வெளுத்துப் போயிருந்தது.

"கை மடக்க வரல பாப்பா. உணர்ச்சியே இல்ல" என்றார்.

நர்ஸ், ஊசி நழுவித் தண்ணீர் வெளியே இறங்கிவிட்டது, வேறு கையில் மாற்றுகிறோம் என்றாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் நான் எழுதிய வரி தெரிந்தது.

"கோச்சுக்காத" என்றார் அப்பா. "உன்னக் கேக்காம உன் பொம்மப் படத்துல மூணு எடுத்துட்டேன். நல்லா இல்லாததா பாத்துதான் எடுத்தேன். கறுப்பு பூனைய நீ எங்க ஒட்டப் போறன்னு."

நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"அந்தப் பூனையத்தான் தேதி மாத்தி ஒட்டிட்டேன் போல. ஆடி வந்ததும் தேடறேன், காணும். பாத்தா கடேசிப் பக்கத்துல கெடக்குது. எனக்கே சந்தேகம்தான், ஆடின்னுதான நெனச்சோம்னு. ஆனா அங்கதான ஒட்டியிருக்குது? டாக்டரே அம்மாம் தள்ளிப் போட்டாருன்னா பெருசா ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கியது. "படிக்காதவன் வேல. ஒரு தேதிய ஒழுங்கா ஒட்டத் தெரியல."

இல்லப்பா, நான்தான் எடுத்து ஒட்டினேன் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். நான் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன். "பேசாம படுப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்றைக்கே பஸ் பிடித்து மணவாளநல்லூர் போனேன். பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். சீட்டு எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வேண்டுனது நெறவேறிச்சாம்மா?"

"நெறவேறிடுச்சு" என்றேன்.

"நல்லது" என்று சொல்லி விபூதி கொடுத்தார்.

இரண்டு நாளில் கை வீக்கம் வடிந்தது. ஊசியை மாற்றியதால் வடிந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த பலவற்றை நான் ராத்திரியில் நம்புவதில்லை.

மார்கழியில் அப்பாவை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி காலையில் கண் விழித்ததும், "இன்னைக்குத்தான பூனை?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டைரியை எடுத்து வரச் சொல்லிக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பூனையைச் சுற்றி ஈர வளையம் இல்லை. காகிதம் வழவழவென்று இருந்தது. அவர் விரல் அதன் ஓரத்தைத் தடவியது, நின்றது, மறுபடி தடவியது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நனைத்து ஒட்டிய கைக்கு நனைக்காமல் ஒட்டியது தெரியாமல் இருக்குமா? நான் தலையைக் குனிந்துகொண்டேன். டைரியை மூடி என்னிடம் கொடுத்தார். "அந்த மூணு மாசம் நல்லாத்தான் இருந்தேன்" என்றார்.

மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா போனார். ஆடியிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் முடியாது என்று சொன்னாரா, முடியும் என்று சொன்னாரா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன்.

பூனைக்குக் கீழே இருந்த எழுத்துக்கு அர்த்தம் போன வருஷம்தான் தெரிந்தது. தங்கை முறையாகும் பெண் ஒருத்தி செல்போனை அதன் மேல் காட்டினாள். அது படித்துச் சொன்னது. இன்று நன்றாகச் சாப்பிட்டேன். கிண்ணம் வைத்த பூனை வேறென்ன சொல்லும்? நான் அந்த மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்து அழுதேன்.

அப்பாவின் காரியம் முடிந்த வாரம் மறுபடி மணவாளநல்லூர் போயிருந்தேன். எல்லார் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் கிறுக்கிக் கொடுத்த அவருடைய மனு அந்த வேலில்தான் எங்கேயோ இருந்தது. அதை வாபஸ் வாங்க வழியில்லை, அது நிறைவேறவில்லை. புதிதாக ஒரு தாள் வாங்கி அதே தூணோரம் உட்கார்ந்தேன். ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளை ஒரு கை எடுத்து மாற்றி ஒட்டியது, அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டபோது பேசாமல் இருந்தது, சாமி விசாரிக்க வேண்டும் என்று எழுதினேன். போன முறை யாராக இருந்தாலும் என்று எழுத வேண்டியிருந்தது. இந்த முறை பெயர் தெரியும், என் பெயரை எழுதினேன். வேல் உயரம் எட்டவில்லை. எக்கி நின்று நானே முடிச்சுப் போட்டேன்.

அந்தப் பிராதை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.